ஆற்றில் இறங்காத எட்டு நாள்

ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஆற்றில் குதிப்பேன் என்று சூயஸ் லாயத்தில் இருந்த கோவேறு கழுதைகள் அத்தனையிடமும் சொல்லி வைத்திருந்தேன். மனிதர்களிடமும் சொன்னேன். ஏழு வருடமாக ஒரே பேச்சைக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது. எங்கள் உத்தமபாளையத்தில் ஆறு ஊரை ஒட்டியே ஓடும், மேற்கே மலையில் மழை பெய்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும், கோடையில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைக் கரையிலிருந்தே எண்ணலாம் என்று நான் ஆரம்பித்தாலே ஆளுக்கொரு பக்கம் எழுந்து போவார்கள். கழுதைகளைக் கட்டிப் போட்டிருந்ததால் அவை மட்டும் கேட்டுக்கொண்டன.

இப்போது ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன். விடுப்பில் எட்டு நாள் இருந்தேன். ஒரு நாள்கூட ஆற்றில் இறங்கவில்லை. அது ஏன் என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டாளத்துக் கழுதைகளோடு கப்பலேறி, எகிப்து என்று வெள்ளைக்காரர்கள் சொல்கிற மிசுரு தேசத்துக்குப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கு பார்த்தாலும் மணல், உப்புக் காற்று. அதற்கு நடுவே ஒரு நாள் ஒரு வாய்க்கால் கண்ணில் பட்டது. நைல் நதியிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த நல்ல தண்ணீர் வாய்க்கால். அந்த நாட்டுக் குடியானவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசியையும் வண்டலையும் வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஆனி மாதம் வீட்டுக்கு ஓர் ஆள் வாய்க்கால் தூர்வார இறங்குவோமே, அச்சாக அதே காட்சி. வேறு ஊர்க்காரன் எவனும் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மூன்று நாள், வேலை முடிந்த நேரமெல்லாம் போய் அவர்களோடு சேறு வாரினேன். அவர்கள் சிரித்தார்கள். பெரிய மொச்சை மாதிரி ஒரு பயறை வேகவைத்து மசித்து, கனத்த ரொட்டியும் பச்சை வெங்காயமும் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த ஏழு வருடத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று நாள்தான்.

சில மாதம் கழித்து, சிறுநீர் கழித்து முடிக்கிற நேரத்தில் ரத்தம் வந்தது. வலியோ சொல்லி முடியாது. என்னோடு சேறு வாரிய குடியானவர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் என் முதுகில் தட்டி, “இங்கே எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுதானே! நீயும் எங்கள் ஊர்க்காரனாகிவிட்டாய்” என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், என் சிறுநீரில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பூதக்கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்க்கச் சொன்னார். வெள்ளரி விதை மாதிரி முட்டைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள். அந்த முள்தான் உள்ளே கிழிக்கிறதாம். ரத்தக் குழாய்க்குள் நூல் கனத்தில் ஆணும் பெண்ணுமாகப் புழுக்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்குமாம். எனக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்குள் ஜோடி ஜோடியாகக் குடித்தனம் நடக்கிறது!

டாக்டர் அந்த முட்டையின் மேல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் முட்டை திறந்தது. உள்ளிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்து நீந்திப் போனது. “இது மனிதனுக்குள் எப்படி நுழைகிறது என்று எங்களுக்கே தெரியாது. குடிப்பதாலா, குளிப்பதாலா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். தண்ணீரில் விழுந்தால் பொரிக்கும் என்பது மட்டும் தெரியும். உன் ஊரில் இந்த நோய் இல்லையென்றால் நீ கொண்டுபோய் விதைக்காதே” என்றார். மருந்து கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

ஆற்றுக்குள் சிறுநீர் கழிக்காமல் இருந்தால் போதாதா என்று தோன்றலாம். இந்த நோய் வந்தவனுக்கு அடக்கம் கிடையாது. கால் குளிர்ந்த தண்ணீரில் பட்டாலே சொட்டத் தொடங்கிவிடும். ஊருக்கு வர வண்டி ஏறும்போதே முடிவு செய்துகொண்டேன், எங்கள் ஆற்றில் கால் நனைக்கக் கூடாது என்று.

முடிவு செய்வது எளிது. முதல் நாளே தேனிக்குப் பக்கத்தில் வண்டி ஆற்றுக்குள் மாட்டிக்கொண்டது.

வண்டிக்காரர் ராயப்பன்பட்டிச் சவரிமுத்து. கழுத்தில் சிலுவையும் வாயில் புகையிலையுமாக வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். தேனியில் ஒரு ஆத்தாவிடம் கம்மங்கூழும் மோர்மிளகாயும் வாங்கித் தந்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த மிளகாயைக் கடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று அந்த ஆத்தாவிடம் சொன்னேன். பாதையில் கூலியாட்களும் சுண்ணாம்பு வண்டிகளுமாகச் சாரிசாரியாகப் போனார்கள். பெரியாற்றை மறித்து அணை கட்டுகிறார்களாம்.

“மலைக்கு அங்கிட்டு ஓடுற தண்ணியை இங்கிட்டுத் திருப்பப் போறாகளாம் ராவுத்தரே. இனிமே வருசம் பூராவும் வாய்க்கால்ல தண்ணி நிக்குமாம்” என்றார் சவரிமுத்து.

அவருக்கு அது நல்ல சேதி. மிசுருவில் வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கிற வாய்க்கால்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கரைகளில் இருக்கிற ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் போகிறது.

ஆற்றைக் கடக்கும்போது நடுவில் சக்கரம் மணலில் புதைந்தது. தண்ணீர் முழங்காலுக்குத்தான். சவரிமுத்து குதித்து இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, “எறங்குங்க ராவுத்தரே, ஒரு கை குடுத்தாத் தாண்டிரும்” என்றார்.

“என்னால முடியாதுங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையும் காலும் திடமாக இருக்கிற ஆள். பின்னால் வந்த சுண்ணாம்பு வண்டிக்காரர்களும் பார்த்தார்கள். நான் வண்டிக்குள் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜமீன்தார் போல உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர்களுடைய மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து பூட்டித்தான் கரையேற்றினார்கள்.

“மிசுரு தேசத்துல கால் நனையக் கூடாதுன்னு படிச்சுக் குடுத்தாகளோ?” என்றார் சவரிமுத்து. உத்தமபாளையம் வரும்வரை என் பக்கம் திரும்பாமல் மாட்டை விரட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் என் தங்கை ஆயிசா அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். மீன் வாங்கக் காலையிலிருந்து ஆள் அனுப்பினாளாம். நான் கப்பலேறியபோது அவள் பாவாடை கட்டிய பெண். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வீட்டோடு இருக்கும் அவள் புருஷன் மைதீன் காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உழும்போது கலப்பைக் கொழு பாய்ந்து பாதம் பிளந்துவிட்டதாம்.

“ஆத்துக்குப் போய் முங்கிட்டு வந்துருண்ணே. அதுக்குள்ள சோறு வடிச்சிருவேன்” என்றாள் ஆயிசா.

“சளி பிடிச்சிருக்கு. வீட்டுலயே குளிச்சுக்கிறேன்.”

ஏழு வருடம் ஆற்றைப் பற்றியே கடிதம் எழுதியவன் சொன்ன பதில் இது. அவள் முகம் மாறியது. ஆனாலும் எங்கள் வீட்டு உப்புக் கிணற்றில் இறைத்து, வெந்நீர் போட்டுத் தந்தாள். சளி என்று சொன்ன பாவத்துக்கு எட்டு நாளும் வேகிற வெயிலில் உப்பு வெந்நீர்தான் எனக்கு வாய்த்தது. அயிரைக் குழம்பு மட்டும் நான் நினைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. பேசாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாளிலிருந்து என் பெரிய கவலை வேறு. வீட்டுக் கொல்லை வாய்க்காலை நோக்கிச் சரிந்திருக்கிறது. மழை பெய்தால் அங்கே விழுவதெல்லாம் வாய்க்காலுக்குத்தான் போகும். அதனால் கழிக்க வேண்டிய போதெல்லாம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்குக் கிழக்கே, ஆற்றின் பக்கம் சரியாத செம்மண் மேட்டுக்கு நடந்தேன். அங்கே குழி வெட்டி, காரியம் முடித்து, மண்ணை மூடி மிதித்துவிட்டு வருவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

மிசுருவிலிருந்து வந்தவன் பகல் முழுவதும் மண்வெட்டியும் கையுமாக மேட்டுக்குப் போய்க் குழி வெட்டி மூடிவிட்டு வருகிறான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? மூன்றாம் நாள் பள்ளிவாசல் பக்கம் நடந்தபோது என் முதுகுக்குப் பின்னால் பேசுவது காதில் விழுந்தது.

“அம்புட்டும் பவுனாம்ல. வீட்டுல வச்சா மச்சினன் பங்கு கேப்பாருன்னு மேட்டுல புதைக்கிறாராம்.”

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எட்டிப் பார்த்தால் ஆறு. துவைக்கிற சத்தம், பிள்ளைகள் பாறையிலிருந்து குதிக்கிற சத்தம். நான் நீச்சல் கற்றுக்கொண்டதும் அதே பாறையிலிருந்துதான். சூயஸில் இருந்தபோது அது தூரத்தில் இருந்தது; ஏக்கம் ஒரு மாதிரி தாங்கக் கூடியதாக இருந்தது. பத்து எட்டில் வைத்துக்கொண்டு ஏங்குவது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

நான்காம் நாள் தமுக்கடித்தார்கள். நாளை மறுநாள் வாய்க்கால் தூர்வாரல். வீட்டுக்கு ஓர் ஆண் வாய்க்காலுக்குள் இறங்க வேண்டும். இறங்காத வீட்டுக்கு இந்த வருடம் வயலுக்குத் தண்ணீர் விடும் முறை கிடையாது. கூலிக்கு ஆள் விடவும் முடியாது. சொந்த வீட்டு ஆள்தான் இறங்க வேண்டும் என்பது என் அத்தா காலத்துக்கும் முந்தைய கட்டுப்பாடு.

ஆயிசாவின் முகம் மலர்ந்தது. “நல்ல நேரத்துல வந்தண்ணே. இவுக கால் இப்படிக் கெடக்கேன்னு நான் ராவும் பகலும் அழுதேன். முறை போச்சுன்னா நாத்து காஞ்சிரும். இருக்கிறதே அந்த ஒரு வயலுதான்.”

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

ஐந்தாம் நாள் காலை மேட்டுக்குப் போனால், அங்கே மைதீன். ஒரு காலை ஊன்ற முடியாமல், கம்பைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு, என் குழி ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படித்தான் வந்தாரோ! என்னைப் பார்த்ததும் விறைத்துப்போனார்.

“மாப்பிள்ளை, என்ன தேடுறீக?”

“ஊரே சொல்லுது மச்சான். எங்ககிட்ட மறைச்சு வைக்கிற அளவுக்கு நாங்க என்ன செஞ்சோம்?” தோள் துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “பங்குக்காக வரல்ல. நீங்க எங்களை நம்பலையேன்னுதான் வந்தேன்.”

அவர் மண்வெட்டியின் நுனியில் ஈர மண் ஒட்டியிருந்தது. “அதைக் கீழ போடுங்க. அது என் ரத்தம்” என்றேன்.

அந்த மேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்காலையும் வெங்காயத்தையும் முள் முட்டையையும். மைதீன் கேட்டு முடித்து, தோண்டிய குழியைத் தன் நல்ல காலால் மண் தள்ளி மூடினார்.

“இதை எதுக்கு மச்சான் ஒளிச்சீக?”

“வெக்கமா இருக்கு மாப்பிள்ளை.”

“அப்ப நாளைக்கு நான் எறங்குறேன். கட்டோட எறங்குறேன்.”

“அந்தப் புண்ணோட சேத்துல எறங்கினாக் காலை எடுத்துருவாக. பேசாம இருங்க. நான் போய்ப் பேசுறேன்.”

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, ஆறாம் நாள் வாய்க்கால் கரையில் போய் நின்றபோது திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். இருபது, முப்பது பேர் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தார்கள். கோடை முழுக்கத் தேங்கிக் கிடந்த தண்ணீர், முழங்கால் சேறு, நாணல். அந்த வாசனைக்காக நான் ஏழு வருடம் ஏங்கியிருக்கிறேன். மடைக்காரர் சங்கிலி கரையில் நின்று வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டார். எங்கள் வீட்டுப் பெயர் வந்தது.

“எறங்குங்க ராவுத்தரே.”

“நான் எறங்க மாட்டேன். ஏன்னு எல்லாரும் கேட்டுக்கங்க” என்றேன். சொன்னேன். வெயிலில், அத்தனை ஆண்பிள்ளைகளுக்கும் முன்னால், எனக்கு எங்கிருந்து ரத்தம் போகிறது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கு நேர்கீழே சேற்றில் நின்றவர் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன்.

“அப்ப பவுனு?” என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். யாரோ அவனை அதட்டினார்கள்.

“எறங்கலைன்னா முறை கெடையாது. அதுதான கட்டுப்பாடு?” என்றார் எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர். எங்கள் முறை போனால் அந்தத் தண்ணீர் அவருக்குத்தான் போகும்.

சங்கிலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த டாக்டர் சொன்னது நெசந்தானா?”

“தெரியாது. அவருக்கே முழுசாத் தெரியாதுன்னுதான் சொன்னாரு.”

“தெரியாத ஒண்ணுக்கா ஆத்துல கால் வைக்காம இருக்கீக?”

“தெரியாததுனாலதான் வைக்கல. எனக்குள்ள இருக்கிறது இந்தத் தண்ணிக்குள்ள போச்சுன்னா, அப்புறம் யாரு வெளியே எடுக்கிறது?”

சங்கிலி அடுத்த வயல்காரர் பக்கம் திரும்பி, “மண்ணெடுக்க ஆள் வேணும்னுதான் கட்டுப்பாடு. கால் நனையணும்னு எங்கயும் சொல்லல. ராவுத்தர் கரையில நிக்கட்டும். கீழயிருந்து வர்ற கூடையை வாங்கிச் சுமக்கட்டும். ரெண்டு ஆளு வேலை பாக்கணும், சம்மதமா?” என்றார்.

சம்மதம் என்றேன். இரண்டு நாள் சுமந்தேன். சேற்றுக் கூடையைத் தலையில் வைத்துக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். மிசுருவில் கழுதை மேல் ஏற்றுகிற சுமையெல்லாம் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே நெருப்பு. நடுநடுவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓட்டம். சிலர் கூடையை என் கையில் தராமல் கரையில் வைத்துவிட்டு விலகினார்கள். மதியம் எல்லோருக்கும் வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தபோது என்னைத் தாண்டிப் போனது. எனக்கு வலித்தது. ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. டாக்டருக்கே தெரியாததை இவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? ஏழாம் நாள் பொழுது சாயும்போது சங்கிலி எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லி, “முறை உண்டு” என்றார். அடுத்த வயல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டாம் நாள் மடை திறந்தார்கள். மடைக்குப் பொங்கல் வைத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வெல்லமும் பொரிகடலையும் சேர்த்து, ஓதிப் பங்கிடுகிற நார்சாவைக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தோம். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்ததும், தூர்வாரியவர்கள் எல்லோரும் அதில் விழுந்து முங்க வேண்டும். அதுதான் வழக்கம். விழுந்தார்கள். கிழவர்கள்கூடக் கூச்சல் போட்டார்கள். நான் கரையில் நின்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் வீட்டுக்கு வந்து மூட்டையைக் கட்டினேன். சவரிமுத்துவின் வண்டி வாசலில் நின்றது.

ஆயிசா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதிரசப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். மைதீனைக் காணோம்.

“அவுக மேட்டுக்கு வரச் சொன்னாகண்ணே. வண்டியை அந்த வழியா விடச் சொன்னாக.”

மேட்டில், என் குழிகளுக்குப் பக்கத்தில், மைதீன் நின்றுகொண்டிருந்தார். கம்பு ஒரு கக்கத்தில். காலடியில் இரண்டு பெரிய பானை. ஒன்றை, அந்தக் காலோடு, அவரே தோளில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறார். இன்னொன்றைத் தூக்கி வந்தவர் சங்கிலி. தலையில் சும்மாடு இன்னும் இருந்தது.

“ஆத்துத் தண்ணி. நடு ஓட்டத்துல மொண்டது. வெயில்ல சூடாயிரும், சீக்கிரம் சட்டையைக் கழட்டுங்க மச்சான்” என்றார் மைதீன்.

நான் செம்மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மைதீன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் நின்று, சங்கிலி ஒரு பக்கம் தாங்க, பானையைச் சாய்த்தார். தலையில் விழுந்ததும் மூச்சு நின்றது. அதே குளிர்ச்சி, அதே மண் வாசனை. நான் பிள்ளையைப் போலக் கத்தினேன். வண்டியிலிருந்து இறங்கி வந்து சங்கிலியிடம் விசாரித்த சவரிமுத்துவுக்கு, அன்று ஆற்றில் நான் ஏன் இறங்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். இரண்டாவது பானையை அவரே எடுத்து ஊற்றினார்.

எனக்குச் சிறுநீர் சொட்டியது. சொட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் மேல் விழுந்த தண்ணீர் ஒரு கை அகலம்கூட ஓடவில்லை. காய்ந்த செம்மண் அத்தனையையும் அங்கேயே குடித்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் நான் எங்கள் ஆற்றில் குளித்துவிட்டேன்.